கற்பனைக் கால்பந்து: தொடங்குவோர்க்கு ஓர் அறிமுகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்தின் மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசப்படும், இசை முழங்கும், நாடகம் நடைபெறும். இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருளோ கற்பனைக் கால்பந்து. அழைப்பிதழைக் கண்ட பெரியவர் ஒருவர் என்னிடம், "கால்பந்து தெரியும், அது என்ன ஐயா கற்பனைக் கால்பந்து? பந்து இல்லாமலே உதைப்பதா?" என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகக் கேட்டாரேனும் அதுதான் உண்மை. இவ்வாட்டத்தில் நாம் உதைப்பதில்லை; ஓடுவதில்லை; வியர்ப்பதுமில்லை. ஆனால் எண்ணுகிறோம், கணக்கிடுகிறோம், முடிவு செய்கிறோம். செய்த முடிவின் பயனை ஏற்றுக் காத்திருக்கிறோம்.

நாம் வாழும் இக்கொல்கத்தா நகருக்குக் கால்பந்தைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1911 ஆம் ஆண்டு மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நகரம் இது. மோகன் பகான் வென்றால் இறாலும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீனும் தேடப்படும் ஊர் இது. பிழைக்க வந்த நம்மவரும் இவ்வூரின் பழக்கத்தால் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறோம். ஆனால் இன்று நம் பிள்ளைகள் பலர் சனிக்கிழமை பிற்பகலில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு இங்கிலாந்து நாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லி வாதிடுகிறார்கள். பெற்றோர்க்கு ஐயம் எழுகிறது: "இது விளையாட்டா, சூதாட்டமா?" இது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆட்டம் இன்னது, அதை ஆடும் முறை இன்னது, அதன் எல்லை இன்னது என்னும் மூன்றையும் கூறுவதே என் நோக்கம்.

தோற்றம்

இவ்வகை ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. ஓக்லண்டு ரெய்டர்ஸ் என்னும் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவர் 1962 ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் சேர்ந்து இதன் விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டே அவர்கள் ஆடத் தொடங்கினர். அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்தை வைத்து. அதாவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டத்தை வைத்து. நாம் அறிந்த கால்பந்துக்கு இம்முறை 1990களில் இங்கிலாந்தில் பரவியது. செய்தித்தாள்கள் வாசகர்க்கென இதை நடத்தின. பின்னர் இணையம் வந்தது. இங்கிலாந்தின் தலையாய போட்டியாகிய பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஆட்டமான ஃபேன்டசி பிரீமியர் லீக் 2002-03 பருவத்தில் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் அணி வைத்துள்ளனர். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. நான் விளக்கப்போவது இந்த ஆட்டத்தையே.

பதினைந்து பேர், பத்துக் கோடி

பிரீமியர் லீக்கில் 20 அணிகள் உள்ளன. ஆகஸ்டு முதல் மே வரை ஒவ்வோர் அணியும் 38 ஆட்டங்கள் ஆடும். அந்த 20 அணிகளிலும் உள்ள ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் கற்பனை விலை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கையில் பத்துக் கோடி பவுண்டு கொடுக்கப்படும். மலைக்க வேண்டா, அதுவும் கற்பனைப் பணமே. அதைக்கொண்டு பதினைந்து பேரை வாங்க வேண்டும்: கோல் கீப்பர் இருவர், தற்காப்பு ஆட்டக்காரர் ஐவர், நடுக்கள ஆட்டக்காரர் ஐவர், முன்கள ஆட்டக்காரர் மூவர். ஒரே அணியிலிருந்து மூவருக்கு மேல் எடுக்கலாகாது.

பத்துக் கோடியைப் பதினைந்தால் வகுத்தால் ஒருவர்க்கு 66 இலட்சத்துச் சொச்சம் வரும். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் விலை ஒரு கோடியே நாற்பது இலட்சம் எனக் கொள்வோம். அவரை வாங்கினால் மீதி பதினால்வர்க்கும் 8 கோடியே 60 இலட்சமே எஞ்சும். சராசரி 61 இலட்சமாகக் குறையும். இத்தகையவர் இருவரை வாங்கினால் இன்னும் சுருங்கும். மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எனப் பங்கிட்டு வாழும் நம் இல்லங்களுக்கு இக்கணக்கு புதியதன்று. எதில் தாராளம், எதில் சிக்கனம் என முடிவு செய்வதே இதன் முதற்படி.

பதினைவருள் ஒவ்வொரு வாரமும் பதினொருவர் களமிறங்குவர். அவர்களுள் கோல் கீப்பர் ஒருவரும், தற்காப்பில் குறைந்தது மூவரும், முன்களத்தில் குறைந்தது ஒருவரும் இருத்தல் வேண்டும். எஞ்சிய நால்வர் வெளியே அமர்ந்திருப்பர். நீங்கள் களமிறக்கிய ஒருவர் அவ்வாரம் ஒரு நிமிடமும் ஆடாவிட்டால், வெளியே இருப்பவருள் ஒருவர் நீங்கள் குறித்த வரிசைப்படி தாமாகவே அவரிடத்தில் சேர்க்கப்படுவார்.

புள்ளி சேரும் வகை

உண்மையான ஆட்டத்தில் உங்கள் ஆட்டக்காரர் செய்வதற்கேற்ப உங்கள் அணிக்குப் புள்ளி சேரும். களத்தில் இறங்கினாலே ஒரு புள்ளி. 60 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் இரண்டு. முன்கள ஆட்டக்காரர் கோல் அடித்தால் நான்கு, நடுக்கள ஆட்டக்காரர் அடித்தால் ஐந்து, தற்காப்பு ஆட்டக்காரர் அடித்தால் ஆறு. பிறர் கோல் அடிக்கப் பந்தை எடுத்துக் கொடுத்து உதவினால் மூன்று. தம் அணி ஒரு கோலும் வாங்காதிருந்தால், 60 நிமிடம் ஆடிய கோல் கீப்பர்க்கும் தற்காப்பாளர்க்கும் நான்கு புள்ளி, நடுக்களத்தார்க்கு ஒன்று. கோல் கீப்பர் மூன்று முறை பந்தைத் தடுத்தால் ஒன்று. பெனால்டியைத் தடுத்தால் ஐந்து.

புள்ளி குறைவதும் உண்டு. மஞ்சள் அட்டைக்கு ஒன்று, சிவப்பு அட்டைக்கு மூன்று, பெனால்டியைத் தவறவிட்டால் இரண்டு, தம் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்தினால் இரண்டு எனக் கழிக்கப்படும். தம் அணி வாங்கும் ஒவ்வோர் இரண்டு கோலுக்கும் காப்பாளர்கள் ஒரு புள்ளி இழப்பர். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்து விளங்கிய மூவர்க்கு மூன்று, இரண்டு, ஒன்று என ஊக்கப் புள்ளிகளும் உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒரு தற்காப்பாளர் முழு ஆட்டமும் ஆடுகிறார்: இரண்டு. அவர் அணி கோல் வாங்கவில்லை: நான்கு. அவரே தலையால் முட்டி ஒரு கோல் போடுகிறார்: ஆறு. இடையில் ஒரு மஞ்சள் அட்டை: ஒன்று கழிவு. ஆக மொத்தம் பதினொன்று.

2025-26 பருவத்தில் புதிய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. தற்காப்பாளர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் பந்தை வெளியேற்றல், மறித்தல், இடைமறித்துப் பறித்தல், எதிரியின் காலிலிருந்து மீட்டல் ஆகியவற்றைப் பத்து முறை செய்தால் அவர்க்கு இரண்டு புள்ளி. நடுக்களத்தார்க்கும் முன்களத்தார்க்கும், சிதறிய பந்தை மீட்பதையும் சேர்த்துப் பன்னிரண்டு முறை வேண்டும். கோல் அடிப்பவரையே உலகம் கொண்டாடுகிறது. அவர்க்குப் பின்னால் நின்று உழைப்பவர்க்கும் கூலி உண்டு என இவ்விதி கூறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

தலைவரைத் தேர்தல்

பதினொருவருள் ஒருவரைத் தலைவராகக் குறிக்க வேண்டும். அவர் பெறும் புள்ளி இருமடங்காகும். துணைத் தலைவர் ஒருவரையும் குறித்தல் வேண்டும். தலைவர் ஆடாத வாரத்தில் அப்பேறு இவர்க்குச் சேரும். வாரந்தோறும் நாம் செய்யும் முடிவுகளுள் பெரியது இதுவே. தொடங்குவோர் இதில் புதுமை காட்ட முயல வேண்டா. நன்றாக ஆடிவரும் கோல் அடிப்பவர், வலிமை குறைந்த அணியைத் தம் சொந்தக் களத்தில் சந்திக்கும் வாரம் எதுவோ அவ்வாரம் அவரையே தலைவராக்குக.

யாரை வாங்குவது?

முதலாவது, ஒழுங்காக ஆடுபவரை வாங்குக. எத்துணைத் திறமை இருப்பினும் வெளியே அமர்ந்திருப்பவர் புள்ளி தாரார். ஆட்டக்காரரின் பெயரைப் பாராமல், அவர் ஆடிய நிமிடங்களைப் பாருங்கள்.

இரண்டாவது, பெனால்டி உதைப்பவர் யார், மூலைப் பந்து உதைப்பவர் யார் என அறிந்துகொள்க. அப்பொறுப்பு உடையவர்க்குப் புள்ளி பெறும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, விலைக்கும் பயனுக்கும் உள்ள பொருத்தம். 2024-25 பருவத்தில் லிவர்பூல் அணியின் முகமது சாலா 344 புள்ளிகள் பெற்றார். இவ்வாட்டத்தின் வரலாற்றில் ஒரு பருவத்தில் அதற்கு முன் எவரும் அவ்வளவு பெற்றதில்லை. தொடக்கத்தில் அவர் விலை ஒரு கோடியே 25 இலட்சம். அதற்கு முந்தைய பருவத்தில் செல்சி அணியின் கோல் பாமர் 244 புள்ளிகள் பெற்றார். அவருடைய தொடக்க விலையோ 50 இலட்சமே. பத்து இலட்சத்துக்கு எத்தனை புள்ளி எனக் கணக்கிட்டால் சாலாவுக்கு இருபத்தேழரை, பாமர்க்கு ஏறத்தாழ நாற்பத்தொன்பது. பருவத் தொடக்கத்தில் பாமர் மான்செஸ்டர் சிட்டியில் பெரும்பாலும் வெளியே இருந்தவர். செல்சிக்கு மாறிய பின்னரே ஒழுங்கான இடமும் பெனால்டி உதைக்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தன. அம்மாற்றத்தைக் கவனித்தவர்கள் அவரை மலிவாகப் பெற்றார்கள். விலையுயர்ந்தவரும் வேண்டும், மலிவில் நல்லவரும் வேண்டும். இரண்டாமவரைக் கண்டெடுப்பதில்தான் ஆடுபவரின் திறமை உள்ளது.

நான்காவது, வரப்போகும் ஐந்தாறு ஆட்டங்களைப் பாருங்கள். இன்று நன்றாக ஆடும் அணி, அடுத்த மூன்று வாரமும் வலிய அணிகளைச் சந்திக்குமாயின், அதன் தற்காப்பாளரை வாங்கச் சற்றுப் பொறுக்கலாம்.

அவசரத்தின் விலை

ஒவ்வொரு வாரமும் ஒருவரை விற்று ஒருவரை வாங்க இலவச உரிமை உண்டு. பயன்படுத்தாத உரிமைகளை ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். கைவசம் உள்ள உரிமைக்கு மேல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு புள்ளி கழிக்கப்படும். ஆட்டக்காரரின் விலை ஏறுவதும் இறங்குவதும் உண்டு. ஆயினும் விலை இரண்டு இலட்சம் ஏறினால் விற்கும்போது ஓர் இலட்சமே இலாபமாகக் கிட்டும்.

இந்த நான்கு புள்ளிக் கழிவில்தான் தொடங்குவோர் பெரும்பாலோர் வீழ்கின்றனர். ஒருவர் சென்ற வாரம் மூன்று கோல் அடித்தார் என்றதும் ஓடிச்சென்று அவரை வாங்குவர். சென்ற வாரப் புள்ளி சென்ற வாரம் அவரை வைத்திருந்தவர்க்கே, நமக்கு வாராது. நான்கு புள்ளி கொடுத்து வாங்கியவர், விற்கப்பட்டவரைவிட நான்கு புள்ளி கூடுதலாகத் தந்தால்தான் கணக்கு சமமாகும். அதற்கு மேல் தருவதே இலாபம்.

நம் குடியிருப்பில் சில ஆண்டுகளாகச் சிறு குழுவொன்று இதை ஆடி வருகிறது. ஒரு பருவத்தில் முதலிடம் பெற்றவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியை அம்மையார் ஒருவர். பந்தைக் காலால் தொட்டறியாதவர். "உங்கள் வெற்றிக்குக் காரணம் யாது?" என்று கேட்டோம். "நீங்கள் எல்லாரும் வாரந்தோறும் நான்கு நான்காகத் தொலைத்தீர்கள், நான் பேசாமல் இருந்தேன்" என்றார். அப்பருவம் முழுவதும் அவர் ஒருமுறை கூடக் கழிவு ஏற்கவில்லை.

இவையன்றிச் சிறப்புச் சலுகைகள் நான்கு உண்டு. அணி முழுவதையும் கழிவின்றி மாற்றியமைக்க உதவுவது வைல்டு கார்டு. ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு அணியை இறக்குவது ஃப்ரீ ஹிட். வெளியே அமர்ந்துள்ள நால்வரின் புள்ளியையும் சேர்ப்பது பெஞ்ச் பூஸ்ட். தலைவரின் புள்ளியை மும்மடங்காக்குவது டிரிப்பிள் கேப்டன். 2025-26 பருவத்தில் ஒவ்வொன்றும் முற்பாதியில் ஒருமுறை, பிற்பாதியில் ஒருமுறை எனத் தரப்பட்டது. கோப்பைப் போட்டிகளின் காரணமாகச் சில ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டு, ஓரணி ஒரே வாரத்தில் இருமுறை ஆட நேர்வதுண்டு. பின்னிரண்டு சலுகைகளையும் அத்தகைய வாரத்துக்கெனக் காத்து வைப்பது நன்று. விதிகள் பருவந்தோறும் சிறிது மாறும். தொடங்குமுன் ஒருமுறை படித்துக்கொள்க.

அணியை மாற்றும் கெடு, வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு முடியும். நம் நேரப்படி அது பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி அல்லது நாலரை மணி. வெள்ளி இரவில் ஆட்டம் இருப்பின் அதற்கும் முன்னரே முடியும். பின்னர் எதையும் மாற்ற இயலாது. நள்ளிரவு ஆட்டங்களைக் கண் விழித்துப் பார்த்தாலும் பாராவிட்டாலும் புள்ளி ஒன்றே. மாணவர்கள் இதை நினைவிற் கொள்க. பெற்றோரும் இதை எடுத்துக் கூறலாம்.

எல்லைக் கோடு

இனி, நான் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானதைச் சொல்கிறேன்.

இதே தோற்றத்துடன் வேறொன்று நம் நாட்டில் பல ஆண்டுகள் நடமாடியது. பணம் கட்டி அணி அமைக்கும் அன்றாடப் போட்டி அது. பெரும்பாலும் கிரிக்கெட்டை வைத்து நடந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களே தொலைக்காட்சியில் தோன்றி அதற்கு அழைத்தனர். நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதில் சிக்கினார். முதலில் ஐம்பது ரூபாய், பிறகு ஐந்நூறு, பிறகு இழந்ததை மீட்பதற்காக ஐயாயிரம். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணமும் போயிற்று. தாயின் வளையல் அடகுக் கடைக்குச் சென்றது. பின்னர் அவர் வேலைக்குச் சென்று அவ்வளையலை மீட்டுத் தந்தார். இதை இம்மேடையில் கூறுமாறு என்னைக் கேட்டுக்கொண்டவரும் அவரே.

2025 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் இணைய விளையாட்டுகள் பற்றிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அம்மாதம் 22 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையால் வெல்வதாயினும் தற்செயலால் வெல்வதாயினும், பணம் கட்டிப் பணம் பெறும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடை செய்தது. சட்டம் வந்தது நன்று. ஆயினும் தடுக்கப்பட்டவை வேறு பெயரில், வேறு நாட்டிலிருந்து வந்து வாயிற்கதவைத் தட்டும். ஆகவே பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரிய வேண்டும்.

வேறுபாடு பணத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் உள்ளது. அந்த அன்றாடப் போட்டி ஒரே மாலையில் முடிந்துவிடும். தோற்றவர் அன்றிரவே மறுபடியும் பணம் கட்டலாம். இழந்ததை உடனே மீட்டுவிடலாம் என்னும் மயக்கமே அதன் மூலதனம். நான் விளக்கிய ஆட்டமோ ஒன்பது மாதம் நடப்பது. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் வரை பொறுத்தே ஆக வேண்டும். அவசரப்பட்டால் நான்கு புள்ளி கழியும். முன்னது பதற்றத்தை வளர்த்து அதில் பிழைப்பது. பின்னது பதற்றத்துக்குத் தண்டனை விதிப்பது. "எனக்கு இந்த ஆட்டம் முதலில் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும்" என்று அவ்விளைஞர் என்னிடம் ஒருமுறை கூறினார். பிள்ளைகளிடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், நல்லதொன்றைக் கையில் கொடுத்து உடன் அமர்ந்து ஆடுவதே தக்க வழி என எனக்குத் தோன்றியது அன்றுதான்.

மற்றொன்றும் கூற வேண்டும். நம் அணியில் உள்ளவர் பெனால்டியைத் தவறவிட்டால் அவரை இணையத்தில் ஏசும் வழக்கம் உலகெங்கும் பெருகியுள்ளது. அவர் நமக்காக ஆடவில்லை. தம் அணிக்காக ஆடுகிறார். அவரைத் தேர்ந்தவர் நாம், பொறுப்பும் நம்முடையதே.

ஒரு வேண்டுகோள்

வரும் ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கு நம் சங்கத்தின் பெயரால் தனிக் குழுவொன்று அமைக்க எண்ணியுள்ளோம். விதிகள் மூன்றே. பணம் ஒரு காசும் கூடாது. பந்தயமாகத் தேநீர் கூட வேண்டா. ஒரு வீட்டுக்கு ஓர் அணி; அதைப் பெரியவர் ஒருவரும் சிறியவர் ஒருவரும் கூடிப் பேசியே அமைக்க வேண்டும். படிப்பதற்கும் வேலைக்கும் வெளியூர் சென்ற பிள்ளைகள் அங்கிருந்தே தம் வீட்டு அணியில் பங்கு கொள்ளலாம். முதலிடம் பெறும் இல்லத்துக்கு அடுத்த ஆண்டு விழாவில் சங்கம் ஒரு தமிழ் நூலைப் பரிசாக வழங்கும்.

பெங்களூரிலோ புனேயிலோ வேலை பார்க்கும் மகனிடம் வாரந்தோறும் "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் என்ன பேசுவதென அறியாமல் தொலைபேசியை வைத்துவிடும் தந்தையர் நம்முள் பலர். "இந்த வாரம் யாரைத் தலைவராக்கலாம்?" என்று அவர் கேட்கட்டும். அரை மணி நேரம் பேச்சு நீளும். அதன் நடுவே மற்றவையும் வெளிவரும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு காலையில் சங்க நூலகத்துக்கு வருக.